முப்பத்தெட்டு வயது, மனைவி ஒன்று, பிள்ளை இரண்டு

"இதுக்கு எத்தனை மார்க் தம்பி?" என்று கேட்டார் கனகசுந்தரம்.

குலசேகரம் வாய்க்குக் கொண்டுபோன வடையைப் பாதி வழியில் நிறுத்தினார்.

"மார்க் எல்லாம் இல்ல அங்கிள். இது சும்மா ஒரு சர்வே."

"அது சரி. பாஸ் மார்க் எவ்வளவு?"

கனகசுந்தரம் ரயில்வேயில் கணக்கெழுதும் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். வயது அறுபத்தேழு. தலை முழுக்க வெள்ளை. தீவிலுள்ள டத்தோ கிராமாட்டில் குலசேகரம் முதலில் தட்டிய கதவு அவருடையது. சர்வேக்காரனைக் கண்டால் மற்ற ஊர்களில் நாயை அவிழ்த்துவிடுவார்கள். இங்கே உள்ளே இழுத்து உட்கார வைத்து வடை கொடுத்தார்கள், மைலோ கலந்து கொடுத்தார்கள், பிறகு மறுபடி வடை கொடுத்தார்கள்.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம். தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் ஜெயாவில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கேபிள் டிவி கம்பெனிக்கு விசித்திரமான யோசனை ஒன்று வந்திருந்தது. இருபது வருஷத்துக்கு முந்திய வினாவிடைப் போட்டிகள், பரிசுப் போட்டிகள், இவற்றையே மறுபடி மறுபடி காட்ட ஒரு தனிச் சேனல். ஓடுமா? ஐம்பது பேரிடம் கேள்விப் பாரம் நிரப்பி வாங்கி வரும்படி சீன மேனேஜர் ஊய், குலசேகரத்தை அனுப்பினார். வெள்ளிக்கிழமை கெடு. மக்கள் பார்ப்போம் என்றால் சேனல் தொடங்கும்; அதைக் கவனித்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் வைப்பார்கள். மாட்டோம் என்றால் தற்காலிக ஆளுக்கும் வேலையில்லை.

கம்பெனியில் தற்காலிக ஆள் என்று இருந்தது குலசேகரம் ஒருவர்தான். நிரந்தர ஆளும் தாமேதான் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அவர் மனைவி செல்வநாயகி ஒருபடி மேலே போய், ஈப்போ வரை உள்ள சொந்தக்காரர்களுக்கு ஃபோன் போட்டு, "எங்க வீட்டுக்காரர் சேனல் ஆபீசர்" என்று சொல்லிவிட்டாள். இனி அந்தச் சேனல் ஓடாவிட்டால் குலசேகரம்தான் ஓட வேண்டும்.

"அங்கிள், உண்மையா சொல்லுங்க. பழைய போட்டிய மறுபடி காட்டினா பார்ப்பீங்களா?"

"விசரே எனக்கு? எழுபத்தி நாலாம் ஆண்டு ஒருத்தன் ஃபிரிட்ஜ் ஜெயிச்சான். அந்த ஃபிரிட்ஜ் இப்ப துருப்பிடிச்சுக் கிடக்கும். அதுக்கு நான் இன்றைக்கு ஏன் கை தட்ட வேணும்?"

"அப்ப 'பார்க்க மாட்டேன்'னு எழுதுங்க."

"எழுதினா ஃபெயில் ஆக்கிப்போடுவீங்கள்."

பயத்தைப் போக்க குலசேகரம் ஒரு காரியம் செய்தார். வெற்றுப் பாரம் ஒன்றை எடுத்துத் தம்முடைய விவரத்தையே அதில் எழுதிக் காட்டினார். வயது: முப்பத்தெட்டு. குடும்பம்: மனைவி ஒன்று, பிள்ளை இரண்டு. பழைய போட்டிகளைப் பார்ப்பீர்களா: கண்டிப்பாக, தினமும். எந்த நேரம்: மாலை ஏழு மணி. 'வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா' என்ற கடைசிக் கோட்டைக் காலியாக விட்டார்.

"பாருங்க, அவ்வளவுதான். இது சாம்பிள்."

கனகசுந்தரம் அந்தத் தாளை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள், வீடு வீடாகக் கொடுத்திருந்த பாரங்களில் இருபத்திரண்டு திரும்பி வந்தன. இருபத்திரண்டு பேருக்கும் வயது முப்பத்தெட்டு. இருபத்திரண்டு பேருக்கும் மனைவி ஒன்று, பிள்ளை இரண்டு. கனகசுந்தரத்தின் மனைவி அருந்ததிக்கும் மனைவி ஒன்று.

குலசேகரம் அவர்களுடைய பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணுவைப் பிடித்தார். ஃபேக்டரியில் வேலை செய்யும் ஆள், கல்யாணம் ஆகாதவர்.

"அண்ணே, உங்களுக்கு ஏது பெண்டாட்டி பிள்ளை?"

"இல்லதான். அதுக்காகத் தெரிஞ்சுக்கிட்டே தப்பா எழுத முடியுமா லா?"

"உண்மைய எழுதுங்க அண்ணே!"

"உண்மை எழுதி என்னைக்கு யாரு முன்னேறியிருக்கா?"

கடைசிக் கோட்டில்தான் ஆளுக்கு ஆள் சொந்தக் கற்பனையைக் காட்டியிருந்தார்கள். 'தட்டெழுத்துத் தெரியும்' என்றது ஒரு பாரம். 'ஞாயிற்றுக்கிழமையும் வருவேன்' என்றது இன்னொன்று. அய்யாக்கண்ணு 'மோட்டார் சைக்கிள் உண்டு' என்று எழுதியிருந்தார். டிவி பார்க்க மோட்டார் சைக்கிள் எதற்கு என்று குலசேகரத்துக்கு விளங்கவில்லை.

அவர் வீடு வீடாகப் போய் விளக்கினார். "இது பரீட்சை இல்லீங்க. சரியான பதில், தப்பான பதில்னு ஒண்ணுமே கிடையாது."

கனகசுந்தரம் அவர் தோளைத் தட்டினார். "நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்றீங்கள் தம்பி. நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்யிறம். ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லேல்ல. இன்னொரு வடை?"

புதன்கிழமை குலசேகரம் மூளையைப் பயன்படுத்தினார். கேள்விகளின் வரிசையை மாற்றிப் புதுப் பாரம் டைப் அடித்துக்கொண்டு, ஃபெர்ரி ஏறித் தீவுக்கு வந்து, வீடு வீடாகக் கொடுத்தார்.

இவர்கள் பதிலை மனப்பாடம் செய்திருந்தார்கள். கேள்வியைப் படிக்கும் வழக்கம் இல்லை. 'வயது?' என்ற இடத்தில் 'கண்டிப்பாக, தினமும்' என்று வந்தது. 'பழைய போட்டிகளைப் பார்ப்பீர்களா?' என்றால் 'முப்பத்தெட்டு.' 'வீட்டில் யார் யார்?' என்றால் 'மாலை ஏழு மணி.'

இதை ஊயிடம் காட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதால்தானே இந்த வினை? எல்லாரையும் தள்ளித் தள்ளி உட்கார வைத்தால் தீர்ந்தது. வியாழக்கிழமை பின்னேரம் சமூக மண்டபத்துக்கு வரச் சொன்னார்.

ஐம்பது பேரைக் கூப்பிட்டார். நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. எல்லார் நெற்றியிலும் திருநீறு. சிலர் பேனாவுக்கும் பூசியிருந்தார்கள். கனகசுந்தரம் முதல் வரிசையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"யாரும் பக்கத்துல பார்க்கக் கூடாது," என்றார் குலசேகரம்.

மண்டபத்தில் மூச்சுச் சத்தமில்லை. ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்கை ஒன்று, கத்த வாயைத் திறந்து, நிலைமையைப் பார்த்து மூடிக்கொண்டது. குலசேகரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைகளுக்கிடையே நடந்தார். ஒருவர் கை தூக்கி, "சார், எக்ஸ்ட்ரா பேப்பர்," என்றார். கொடுத்தார்.

"இன்னும் பத்து நிமிஷம்!"

அதைச் சொன்னது தம்முடைய வாய்தான் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் அவருக்கு உறைத்தது.

முடிந்ததும் பாரங்களைப் புரட்டினார். ஒருவரும் பக்கத்தில் பார்க்கவில்லை. அத்தனை பேரும் நேர்மையாக, சொந்த நினைவிலிருந்து, முப்பத்தெட்டு வயது, மனைவி ஒன்று, பிள்ளை இரண்டு என்று எழுதியிருந்தார்கள். மண்டபத்தை விட்டு நூற்றுப் பன்னிரண்டு குலசேகரங்கள் வெளியேறினார்கள். அசல் குலசேகரம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, பாரக் கட்டை ஊயின் மேசையில் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். ஊய் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தாவது பாரத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். முப்பதாவதில் சிரித்தார்.

"எல்லாரும் தினமும் பார்ப்பாங்களா?"

"எழுதியிருக்காங்க, பாஸ்."

"குட் லா, குலா! சேனல் ஸ்டார்ட்!"

குலசேகரத்துக்குக் கால் தரையில் படவில்லை. கீழே ஓடிப் பொதுத் தொலைபேசியில் செல்வநாயகியைக் கூப்பிட்டு, "ஈப்போவுக்குச் சொன்னது நிஜமாயிடுச்சு," என்றார். அவள் அழுதாள். எதிர்க்கடையில் எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கினார். பிற்பகல் இரண்டு மணிக்கு, எண்ணெய் வடியும் பொட்டலத்தோடு மேலே வந்தார்.

அவருடைய நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் டை. தலை மையைக் கவிழ்த்ததுபோல் கறுப்பு. சாயம் காதோரம் இன்னும் காயவில்லை.

"அங்கிள்?" என்றார் குலசேகரம். "இது என் நாற்காலி."

"தெரியும் தம்பி," என்றார் கனகசுந்தரம். "கொஞ்சம் ஆடுது."

குலசேகரம் வரவேற்பு மேசைப் பக்கம் திரும்பினார். அங்கே புஷ்பவள்ளி கனகசுந்தரத்தின் பெயருக்கு நியமனக் கடிதம் ஒன்றை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்திலிருந்து ஒரு கறிபாப்பை எடுத்துக்கொண்டு, நிஜமான அனுதாபத்தோடு கேட்டாள்:

"'சேனல் வேலைக்கு விண்ணப்பப் பாரம் குலசேகரத்திடம் பெற்றுக்கொள்ளலாம்'னு மூணு வாரமா கீழ வாசல் போர்டுல தொங்குதே... டத்தோ கிராமாட்டே விண்ணப்பம் எழுதுச்சு, நீங்க மட்டும் ஏண்ணே எழுதல?"