ஊசிக்கு ஒரு தங்கச்சி

“கூட வந்த ஆளு எங்க?” நர்ஸ் ஞானப்பூ மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

“வெளிய நிக்கிறாக” என்று இருளப்பசாமி மூன்றாவது முறையாகப் பொய் சொன்னார்.

நரிக்குடியிலிருந்து அவரோடு வந்தது சிறுநீரகக் கல் ஒன்றுதான். மனைவி போய் ஆறு வருஷம். யுத்தத்துக்குப் போன மகன், யுத்தம் முடிந்து வருஷமாகியும் திரும்பவில்லை. கல் எங்கே இருக்கிறதென்று தெரிந்தால்தான் டாக்டர் கத்தி எடுப்பார். அதற்கு நரம்பில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே படம் பிடிக்க வேண்டும். அந்த மருந்து சிலருக்கு மூச்சை அடைத்துவிடும். அதனால் அரை மணி நேரம் சொந்தக்காரர் ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஆஸ்பத்திரிச் சட்டம்.

வெளியே வேப்பமரத்தடியில் குருவம்மாள் என்கிற அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“தாயி, அரை மணி நேரம் எனக்குத் தங்கச்சியா இருப்பியா?”

அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சேலையை உதறிக்கொண்டு எழுந்து, ஊசி அறைக்கு அவளே முன்னால் நடந்தாள்.

ஞானப்பூ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒங்க அண்ணனுக்கு இளைப்பு உண்டா? எந்த மருந்துக்காவது ஒடம்பு தடிச்சிருக்கா?”

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் கேட்டால், சொந்தக்காரர் நாலு நோயாவது கூட்டிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பாசமில்லை என்று அர்த்தம். குருவம்மாள் பாசத்தில் குறை வைக்கவில்லை.

“இளைப்பு இல்லாமயா? விடிய விடிய இழுக்கும்! ஒருக்கா மருந்து குடிச்சு மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கி, பொழச்சதே பெரும்பாடு!”

ஞானப்பூ ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். “அப்ப இந்த மருந்து ஏத்த முடியாது. நீங்க ஊருக்குப் போகலாம்.”

இருளப்பசாமி குறுக்கே புகுந்தார். “இவ என் தங்கச்சியே இல்லம்மா!”

“நல்லா இருக்குண்ணே! நோயச் சொன்னதுக்கு ஒறவையே அத்துவிடுறீகளே!” குருவம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

“சத்தியமா இல்லம்மா. மரத்தடியில பிடிச்சாந்தேன். எனக்கு யாருமில்ல.”

குருவம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். “ஆமாம்மா. அம்புட்டும் நானாச் சொன்னது.”

ஞானப்பூ எல்லாக் கேள்வியையும் அவரிடமே மறுபடி கேட்டாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். முதலில் கொஞ்சம் மருந்து ஏற்றி, பொறுத்திருந்து பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தை ஏற்றினார்கள்.

“வந்தது வந்தீக, நீங்களே பாத்துக்கோங்க” என்று ஞானப்பூ குருவம்மாளை அவர் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவள் இடத்தைவிட்டு நகரவில்லை. “அரிக்குதாண்ணே? கொமட்டுதா? மூச்சு சரியா வருதா?”

ஆறு வருஷமாக அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அரை மணி நேரம் இத்தனை சீக்கிரம் முடிந்ததில் அவருக்கு வருத்தம்தான்.

படத்தில் கல் தெளிவாக விழுந்திருந்தது. அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு வரச் சொன்னார் டாக்டர். இருளப்பசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

“எங்க கெளம்பிட்டீக?” ஞானப்பூ வழியை மறித்தாள். “நாளைக்குக் காலையில ஒங்க தங்கச்சிக்கு ஊசி. கூட ஆளில்லன்னு மூணு நாளா அந்த மரத்தடியிலதான் உக்காந்திருக்காக.”