வானத்தைக் காப்பாற்றிய எங்கள் செய்திப் பிரிவு

விமானங்களைப் பத்திரமாகப் பறக்கவைப்பவர்கள் விமானிகள் என்றொரு மூடநம்பிக்கை மக்களிடையே நிலவுகிறது. உண்மையில் அந்தத் திருப்பணியைச் செய்துவருவது எங்கள் செய்தித் தொலைக்காட்சி. அதன் செய்தி ஆசிரியன் என்ற முறையில் இதை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் மனைவியின் தம்பிக்கு விமானக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. எந்த விமானம் எந்த உயரத்தில் போகவேண்டும் என்று சொல்லும் வேலை. அங்கே ஒரு விசித்திர வழக்கம் உண்டு. யாராவது தவறு செய்துவிட்டால், யாரும் கேட்காமலேயே அதை ஒரு படிவத்தில் எழுதிப் பெட்டியில் போடவேண்டுமாம். தண்டனை கிடையாதாம். அதைப் படித்து அடுத்தவர் உஷாராகிவிடுவாராம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வதற்கு ஒரு படிவம் வேறு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

“நேத்து நானும் ஒண்ணு எழுதிப் போட்டேன் அத்தான். ஒரு விமானத்தைக் கொஞ்சம் சீக்கிரமா இறங்கச் சொல்லிட்டேன். அதுக்கும் முன்னால போன விமானத்துக்கும் நடுவுல ஒன்பது கிலோமீட்டர் இருக்கணும். ஏழுதான் இருந்துச்சு. உடனே பார்த்துத் திருப்பி விட்டுட்டேன்.”

“ஏழுதானா!” என்றேன். என் இடது கை தானாகவே போனைத் தேடியது.

“அத்தான், இது வீட்டோட இருக்கட்டும்.”

“சேச்சே, நான் என்ன அந்நியனா?”

அந்நியனாக இருந்தால் அவன் சொல்லியிருக்கவே மாட்டான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறல்லவா?

மறுநாள் காலை அவசரக் கூட்டம் கூடியது. ‘நூலிழையில் தப்பிய முந்நூறு உயிர்கள்’ என்ற தலைப்பு ஏகமனதாக நிறைவேறியது. ஏழு கிலோமீட்டர் தடிமனுள்ள நூலிழை உலகத்திலேயே எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

வரைகலைக்காரருக்கு ஒரு சந்தேகம்.

“சார், ஏழு கிலோமீட்டர் திரைக்குள்ள அடங்கல. கிட்ட கொண்டுவரட்டுமா?”

“தாராளமா.”

“கொண்டுவந்தா இறக்கை உரசுது சார்.”

“உரசட்டுமே. நேயர்களுக்குப் புரிய வேணாமா?”

அதற்குள் நிருபர் ஒரு பயணியைப் பிடித்துவிட்டார்.

“அந்தப் பயங்கரமான நிமிஷத்துல என்ன செஞ்சீங்க?”

“தூங்கிட்டிருந்தேங்க.”

“மயங்கிட்டீங்களா?”

“இல்லீங்க, சாப்பாடு கொஞ்சம் அதிகமாயிடுச்சு.”

‘மயங்கிச் சரிந்த பயணி’ என்று திரையின் அடியில் ஓடவிட்டோம். மாலையில் ‘கட்டுப்பாட்டு அறையில் தூங்கியது யார்?’ என்று விவாதம். நான்கு ‘வல்லுநர்கள்’ வந்தார்கள். அதில் ஒருவர் விமானத்தில் ஏறியதே இல்லை. அவர்தான் அதிகம் பேசினார்.

புதன்கிழமை மைத்துனனை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள்.

“அந்த நாற்காலியில உட்காரணும்னு கல்யாணத்தையே ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டவன்ங்க அவன்! இப்படிப் பண்ணிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?” என்று என் மனைவி அழுதாள்.

எனக்கும் தொண்டையை அடைத்தது. ஆனால் அந்த வாரம் நேயர் எண்ணிக்கையில் நாங்கள் முதலிடம் என்று கடிதம் வந்தது. அடைப்பு சரியாகிவிட்டது.

இனிதான் எங்கள் சாதனை. முன்பெல்லாம் அந்தப் பெட்டியில் மாதம் நாற்பது படிவங்கள் விழுமாம். அடுத்த மாதம் ஆறு விழுந்தது. அதற்கடுத்த மூன்று மாதங்கள் ஒன்றுகூட இல்லை. ‘எங்கள் செய்தியின் எதிரொலி: வானில் தவறுகள் பூஜ்யம்!’ என்று நாள் முழுக்க ஒளிபரப்பினோம். முதலாளி என் தோளைத் தட்டி, “வானத்துக்கே நாமதான்யா காவல்” என்றார்.

இந்த நேரத்தில் மனைவியின் தங்கைக்குப் பிரசவ நாள் நெருங்கியது. துணைக்கு என் மனைவி விமானத்தில் போகவேண்டும். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று மைத்துனனுக்குப் போன் செய்தேன். அவனை இப்போது அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே, படிவங்களைப் பதிவு செய்யும் மேசையில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

“நாளன்னிக்கு உங்க அக்கா விமானத்துல போறா. வானம் எப்படிப்பா இருக்கு?”

“தெரியாது அத்தான்.”

“என்னது, தெரியாதா? மூணு மாசமா ஒரு தப்புகூட இல்லையே!”

“தப்பு இல்லாம என்ன? எழுதத்தான் ஆள் இல்லை. எழுதினா நீங்க படம் போடுவீங்களே! என் நாற்காலியில இப்ப உட்கார்ந்திருக்கிறவர் இந்தப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. எங்க என்ன தப்பு நடக்குதுன்னு இப்ப யாருக்குமே தெரியாது அத்தான்.”

போனை வைத்துவிட்டு நேராக ரயில் நிலையத்துக்குப் போய், வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தேன்.

ரயில் கிளம்பும் நேரத்தில் மனைவி ஜன்னல் வழியாகக் கேட்டாள்:

“ஏங்க, வானத்துல ஒரு தப்புகூட இல்லைன்னு இன்னிக்குக் காலையிலகூட உங்க டிவியில சொன்னாங்களே. அப்புறம் எனக்கு மட்டும் எதுக்கு ரயிலு?”

“அது நேயர்களுக்குச் சொன்னதும்மா” என்றேன்.