நகலில் மாற்றினேன், அசலில் உட்கார்ந்தார்கள்

புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு மூன்று ஆண்டுகளாக நான் சொல்லிக்கொடுத்துவந்த ஒன்றை, என் நாத்தனார் ஷாமினியின் கல்யாண விருந்தில் நானே எப்படி மறந்தேன்? இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. (குழந்தைக்குப் பல் முளைத்த நேரம் என்பார் என் கணவர். முளைத்தது அவளுக்கு, உதிர்ந்தது என் மூளையா?)

செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணினி நிரல் எழுதுவது என் வேலை. அதனால் கூலாயில் நடந்த ஷாமினியின் விருந்தில் யாரை எங்கே உட்காரவைப்பது என்பது என் தலையில் விழுந்தது. இருபது மேசை, மேசைக்குப் பத்துப் பேர். வேறு யாராவது என்றால் ஒரு தாளில் எழுதி முடித்திருப்பார்கள். நான் அதற்கு ஒரு நிரல் எழுதினேன்.

மாமியார் போட்டது ஒரே கட்டளைதான். “மூவார் பெரியப்பா ரெண்டாவது டேபிள்ல. லாயாங் லாயாங் சித்தப்பா கடைசி டேபிள்ல. ரெண்டு பேரும் மொகத்த பாத்துக்கவே கூடாது, சொல்லிட்டேன்.”

மூவாரும் லாயாங் லாயாங்கும் அவர்கள் இருக்கும் ஊர்கள்; இருவரும் காலமான என் மாமனாரின் அண்ணனும் தம்பியும். எட்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில், அண்ணன் வந்து சேருவதற்குள் தம்பி குடும்பப் படம் எடுத்துக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் அப்பா இல்லாத ஷாமினிக்கு, பெரியப்பா கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போகவேண்டும் என்று ஆசை. அவள் கேட்டது அது ஒன்றுதான். அவர் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் அவள் தனியாக நடக்கவேண்டும்.

விருந்தன்று காலையில் மாமியாருக்குப் புதுக் கவலை. “சிங்கப்பூர்க்காரங்க அஞ்சு பேரு ஜாம்ல மாட்டிக்கிட்டா, ரெண்டாவது டேபிள் பாதி காலியா கெடக்குமேம்மா?”

பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்தேன். நகலில் அந்த ஐவரையும் நீக்கிவிட்டு, காலி இடங்களை நெருங்கிய சொந்தங்களால் நிரப்பச் சொன்னேன். பாவம், நிரலுக்கு ரத்த உறவு மட்டும்தான் தெரியும். சித்தப்பா குடும்பம் ஐந்து பேரையும் தூக்கிப் பெரியப்பா பக்கத்தில் வைத்தது. சிரித்துவிட்டு நகலை அழித்தேன். அசலை அச்சடித்தேன். சரிபார்க்கவில்லை, காய்ச்சலோடு மகள் என் தோளில் அழுதுகொண்டிருந்தாள்.

நான் செய்தது மேலோட்டமான நகல். புதுத் தாளில் மேசை எண்களை மட்டும் எழுதிக்கொள்வது போன்றது அது. தாள்தான் இரண்டு, மேசைகள் அதே மேசைகள். எந்தத் தாளைப் பார்த்து ஆளை மாற்றினாலும் மாறுவது அந்த ஒரே மேசைதான். உள்ளே இருக்கும் ஒவ்வொரு மேசையையும் சேர்த்து நகலெடுத்திருக்கவேண்டும். அதற்கு ஆழ்நகல் என்று பெயர். (எவ்வளவு தெளிவாக விளக்குகிறேன் பாருங்கள்.)

மாலையில் மண்டபத்துக்குள் நுழைந்ததும் பார்த்தேன். பெரியப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் சித்தப்பா.

“ண்ணே, சாப்பிடுங்கண்ணே,” என்று கச்சான் கடலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார் சித்தப்பா.

அந்த நேரம் பார்த்து, ஜாமில் மாட்டாமல் சிங்கப்பூர்க்காரர்கள் ஐவரும் வந்து நாற்காலி தேடி நின்றார்கள். பெரியப்பாவுக்குச் சாக்குக் கிடைத்தது. “வாங்க, வாங்க, என் எடத்துல ஒக்காருங்க. எனக்கு இங்க காத்து பத்தல.”

குழந்தையோடு பின்னாலேயே ஓடினேன். “பெரியப்பா, தெரியாம நடந்துபோச்சு. லிஸ்ட்ட நகல் எடுக்கறப்ப உள்ள இருக்கறது மட்டும் அதேதான் இருக்கும், அதனால…” (அந்த நேரத்திலும் பாடம்!)

“படிச்ச பொண்ணுன்னு சொன்னாங்க,” என்றார். கையில் கார்ச் சாவி.

கதவுக்கு வெளியே பட்டுச் சேலையில் ஷாமினி நின்றிருந்தாள். “ஐயோ அலமாக், எங்க பெரியப்பா போறீங்க? பாட்டு போட்டுட்டாங்க லா!”

அவர் சாவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். மண்டபமே எழுந்து கைதட்டியது. அவளை மேடையில் விட்டவர், பக்கவாட்டுப் படியில் இறங்கி, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் மூவாருக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. வீட்டில் யார் சண்டை போட்டாலும், “அண்ணி, இவங்க ரெண்டு பேரையும் ஒரே டேபிள்ல போடுங்க,” என்கிறாள் ஷாமினி. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அண்ணன் தம்பியைச் சேர்த்துவைக்க நான் போட்ட திட்டம்தான் அது என்று சித்தப்பா நம்புகிறார். “எட்டு வருஷமா எவனுக்கும் வராத தைரியம் அந்தப் பொண்ணுக்கு வந்துச்சு பாரு!” என்று லாயாங் லாயாங் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்.

இப்போது மகளுக்குக் காதுகுத்து. பெரியப்பாவை அழைக்க ஞாயிற்றுக்கிழமை மூவார் போகிறோம். நேற்றுச் சித்தப்பா போனில் கூப்பிட்டார். “நானும் வரேம்மா. நீயே ஒரு அடி எடுத்து வச்ச, மிச்சத்த நான் வைக்கலன்னா எப்படி? அண்ணனுக்கு ஒரு சட்டகூட வாங்கிட்டேன்.”

அது தைரியமில்லை, கவனக்குறைவு என்று சொன்னால் அவர் காரில் ஏறவேமாட்டார். சொல்லாமல் கூட்டிப்போனால், அன்றே என் வாயால் உண்மையைக் கேட்டுவிட்ட பெரியப்பா அவரிடம் போட்டு உடைத்துவிடுவார். உங்களில் யாராவது அண்ணன் தம்பியைச் சேர்த்துவைத்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்: உண்மையைச் சித்தப்பா வீட்டு வாசலிலேயே சொல்லிவிடவா, அல்லது அந்தச் சட்டையைக் கொடுக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கவா?