உன் கந்தோர்ப் பக்கத்தில் தடைசெய்யப்பட்ட அப்பா

லில்லெஸ்ட்ரோம், நோர்வே,
வியாழக்கிழமை, மழை.

பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மகள், சட்டத்தரணி கஜேந்தினிக்கு,

உன் சட்ட ஆலோசனைக் கந்தோரின் முகநூல் பக்கத்தில் முன்னர் ஆகக் கூடுதலாகக் கருத்து எழுதியவரும், தற்சமயம் அதே பக்கத்தில் தடைசெய்யப்பட்டிருப்பவருமாகிய அப்பா எழுதுவது. நான் சுகம். நீ சுகமோ என்று முன்பு பக்கத்தைப் பார்த்து அறிந்துகொள்வேன். இப்போது நானாக நினைத்துக்கொள்கிறேன். போன் எடுத்தால் "மீட்டிங்கில நிக்கிறன் அப்பா" என்கிறாய். அதனால்தான் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். இதை நீ தடைசெய்ய முடியாது, கிழிக்கத்தான் முடியும்.

பிள்ளை, நீயும் உன் தொழில் கூட்டாளி ஹல்வரும் கந்தோர் திறந்த நேரம், "அப்பா, இப்ப சட்டத்தரணிமாரும் முகநூலில நிண்டால்தான் ஆக்கள் வருவினம். ஒரு லைக்கைப் போட்டு, தெரிஞ்ச ஆக்களுக்கும் அனுப்பிவிடுங்கோ" என்று கேட்டது நீதான். நானோ பத்தாம் வகுப்போடு இந்த நாட்டின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்ட வந்தவன். ஒரு சட்டத்தரணி என்னிடம் உதவி கேட்டால் விடுவேனா? வேலைக்குப் போவதுபோலக் காலையில் எழும்பி, முகம் கழுவி, கதிரையில் இருந்து செய்தேன். வாடகைத் தகராறு பற்றி நீ போட்டாலும் "வாழ்த்துகள் மகள், மென்மேலும் வளர்க", குடித்துவிட்டுக் கார் ஓடிப் பிடிபட்டவர் என்ன செய்யவேண்டும் என்று போட்டாலும் "வாழ்த்துகள் மகள்", பக்கத்தில் பூக்களும் ஒரு விளக்கும்.

பிறகு, பிரிந்துபோக நினைப்பவர்களுக்கு முதல் அரை மணி நேர ஆலோசனை இலவசம் என்று நீ பேசிய வீடியோவை என்னுடைய பக்கத்திலும் பகிர்ந்தேன். விளம்பரம் என்றால் யாராவது சாட்சி சொல்லவேண்டுமல்லவா? "எனக்கு மிகவும் பயன்பட்டது" என்று மேலே எழுதிவிட்டேன். அம்மா ரொறன்ரோவுக்கு, உன் அண்ணன்ரை பிள்ளையைப் பார்க்கப் போய் அரை வருசம் ஆகிறது என்பதை யோசிக்கவில்லை. அடுத்த நாளே பக்கத்துத் தெரு லதீசனும் மனைவியும் நண்டுக்கறியோடு வந்து நின்றார்கள். "அண்ணை, இந்த வயசில இது தேவையோ? பவளமக்காவோட நாங்கள் கதைக்கிறம்" என்று உன் அம்மாவுக்காகப் பேசினான் லதீசன். வாயில் சோறு இருந்தபடியால் மறுக்க வசதிப்படவில்லை. அடுத்து இன்னொரு வீட்டார் புட்டோடு வந்தார்கள். வீட்டில் நாலு பேரின் சத்தம் கேட்டது, பிள்ளை. எல்லாப் பிளேட்டையும் ஒருசேரக் கழுவி எவ்வளவு காலம்! அதனால் உண்மையைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்வோம் என்று விட்டுவிட்டேன். கடைசியில் கொம்மாவே போன் எடுத்தாள். "இஞ்சாருங்கோ, என்னை விட்டிட்டீங்களாம். எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டாள். உண்மை தெரிந்த பிறகு கறியும் வரவில்லை, ஆக்களும் வரவில்லை.

ஹல்வர் விசயத்துக்கு வாறன். மரணசாசனம், அதுதான் உயில், எழுதுவது பற்றி எழுதிவிட்டு, அந்த மனுசனைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து, பக்கத்தில் மெழுகுதிரியும் கொளுத்திவைத்து நீங்கள் போட்டால், எந்தத் தமிழன் கீழே இருக்கிறதை வாசிப்பான்? "அன்னாரின் ஆத்மா சாந்தியடைவதாக" என்று எழுதினேன். என்னைப் பார்த்து ஒஸ்லோவில் இருந்து பேர்கன் வரைக்கும் நம்முடைய ஆக்கள் வரிசையாக அனுதாபம் எழுதினார்கள். உங்களிடம் வாற நோர்வேக்காரர் மொழிபெயர்ப்பை அமத்திப் பார்த்து அழுவார்கள் என்று நான் கண்டேனா? வெள்ளைச் சேட்டும் கையில் பூங்கொத்துமாக ரயிலேறி உன் கந்தோருக்கு வந்தால், இறந்தவரே கதவைத் திறக்கிறார். கை கொடுத்தேன். சூடாகத்தான் இருந்தது. உறுதிப்படுத்த இன்னும் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை இருத்திக் கோப்பி தந்து, "யார் தவறிவிட்டார்?" என்று பக்குவமாகக் கேட்டார். "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்றேன். அந்த நேரம் நீ அறையால் வெளியே வந்து, பூவையும் பார்த்து, சேட்டையும் பார்த்து, "அப்பா, தயவுசெய்து வீட்டை போங்கோ" என்றாய். வந்துவிட்டேன். அன்று பின்னேரமே என் போனில் உன் பக்கம் இல்லை.

கோபமில்லை. என் மகளாக இல்லாவிட்டால் வழக்கே போட்டிருப்பாய். ஒன்றே ஒன்றுதான். வீடியோ தொடங்கும்போது நீ கைகாட்டி வணக்கம் சொல்வாயே, அது எனக்கில்லை என்று தெரியும். ஆனாலும் நானும் திருப்பிக் கைகாட்டுவேன். முடிவில் "நீங்கள் தனியாக இல்லை, எங்களோடு தொடர்புகொள்ளுங்கள்" என்பாய். அதைக் கேட்டபிறகுதான் சாப்பிடுவேன். இப்போது சாப்பாட்டு நேரம் பிந்துகிறது, வேறொன்றுமில்லை.

இனி உன் பக்கமும் வரமாட்டேன், கந்தோர் இருக்கிற தெருவிலும் தலைகாட்டமாட்டேன். நீ உன் வேலையைப் பார். எனக்கு நடக்கப் போகவும் ஆக்கள் இருக்கிறார்கள், பொழுது தாராளமாகப் போகிறது. உனக்கு வழக்குகள் பெருகட்டும். வாறவர்கள் சமாதானமாகத் திரும்பிப் போகட்டும். ஹல்வர் நீடூழி வாழட்டும், இதை மனதாரச் சொல்கிறேன்.

என்றும் உன் அன்பு அப்பா,
யோகராசா

பி.கு.: செவ்வாய்க்கிழமை பின்னேரம் இலவச அரை மணி நேரத்துக்குப் பதிந்திருக்கிற கதிர்காமத்தம்பி என்பவர் நான்தான். முகநூலில் தடை போட்ட நீ, இணையத்தளத்தில் போட மறந்துவிட்டாய். என்ன பிரச்சினை என்று கேட்ட இடத்தில் "குடும்பம்" என்று எழுதியிருக்கிறேன். ஹல்வரிடம் தள்ளிவிடாதே. அண்டைக்கு மத்தியானம் ஒண்டும் சாப்பிடாமல் இரு, இடியப்பம் கொண்டுவாறன்.