‘வெயிட்டு’ அண்ணாத்தயும் சுழலும் சக்கர நாற்காலியும்

செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் தொட்ட அத்தனை பேரிலும், என் ரத்தக்கொதிப்புக்கு முழுப் பொறுப்பு ஏற்க வேண்டியவர் ‘வெயிட்டு’ அண்ணாத்த ஒருவர்தான். ஆள் என்னவோ ஒல்லி. எந்தப் படத்தைக் காட்டினாலும் “வெயிட்டு ஜாஸ்தி கீதுப்பா” என்பார், அதுவே பேராகிவிட்டது. மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்து அதையே சொல்லி, ஒரு கல்யாண வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் நடந்த கதை. எங்கள் சின்ன ஆபீஸில் பொருள்களைக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கிப் படமாக்குவது நான். அதை வெப்சைட்டில் ஏற்றுவது அவர். ஒரு சக்கர நாற்காலிக் கம்பெனி வந்தது. மவுஸால் இழுத்தால் நாற்காலி சுற்ற வேண்டும். சுற்றிச் சுற்றி எடுத்த படங்களை வரிசையாக மாற்றினால் சுழல்வதுபோலத் தெரியும். பளிங்குத் தரை, அதில் நாற்காலியின் நிழல், கம்பியில் மினுமினுப்பு என்று வாரக்கணக்கில் உயிரைக் கொடுத்தேன்.

‘வெயிட்டு ஜாஸ்தி, நெட்டில் சீக்கிரம் வராது’ என்று மனுஷன் தரையை வெறும் வெள்ளையாக்கி, படங்களில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டார்!

“இன்னாண்ணா இது? என் தரை எங்க?”

“நீ நாற்காலி விக்கிறியா, தரை விக்கிறியா?”

கம்பெனிக்காரரும் கொதித்தார். அண்ணாத்த அசரவில்லை. நெட் ஊர்ந்து வரும் மாமல்லபுரத்து பிரவுசிங் சென்டருக்கு எங்களை இழுத்துப்போய், என் படத்தைத் திறந்தார். டீ வந்தது, குடித்தோம், கிளாஸையும் திருப்பிக் கொடுத்தோம். ஒரு சக்கரம்கூட வரவில்லை. அவருடையதோ சட்டென்று வந்து சுற்றியது. எனக்கு வயிறு எரிந்தது.

பக்கத்து சீட்டில் ஒரு கல்பாக்கத்து அக்கா. “எங்க நைனாவுக்கு ஒண்ணு தேடிகினு கீறேன். பின்னால பிரேக் எங்க கீது, காட்டுப்பா.”

அண்ணாத்த இழுத்தார். நாற்காலி பின்பக்கத்தைக் காட்டாமலே ஒரே தாவலாக மறுபக்கம் போய்விட்டது. அந்தப் படங்களைத்தான் தூக்கியிருந்தார்.

“தள்ளப்போறவ நான்! எனக்குப் பின்பக்கம்தான் வேணும்!” என்று அக்கா சீறினார்.

எனக்கு உள்ளூரத் தீபாவளி. அண்ணாத்த முகம் சுருங்கி, “தப்பு என்னுதுதான்க்கா” என்றார்.

மறுநாள் பின்பக்கம் திரும்பி வந்திருந்தது. முன்பக்கம் முதலில் வரும், இழுக்க இழுக்க மற்றவை வந்துசேரும். ஆனால் வெப்சைட்டின் உச்சியில் மின்னி மின்னி ஆடிய எங்கள் ஆபீஸ் பெயரைக் காணோம்.

“என் ஆபீஸ் பேரு எங்கய்யா?” என்று முதலாளி கத்தினார்.

“அதான் சார் இருக்கறதுலயே வெயிட்டு” என்றவர், திருப்பிப் போடச் சொன்னதும் பையை எடுத்துக்கொண்டு வேலையை விட்டே போய்விட்டார்.

கல்பாக்கத்து அக்கா நாற்காலி வாங்கிவிட்டார் என்று கம்பெனிக்காரர் சொன்னதும், அதைச் சொல்ல அண்ணாத்த வூட்டுக்கு ஓடினேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பிறகு உட்காரக்கூடச் சொல்லாமல், நான் புதிதாகச் செய்து கையோடு கொண்டுபோயிருந்த ஒரு மிக்ஸி படத்தைத் திட்ட ஆரம்பித்தார். வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது.