தூக்கிக் கட்டின சைலன்சரும் ரெண்டு டஜன் கப்பும்

இதை நான் சரியா சொல்லுவேனான்னு எனக்கே பயமா இருக்குது. ஆறாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவ நான். முன்னால நடந்ததைப் பின்னாலயும், பின்னால நடந்ததை முன்னாலயும் சொல்லிக் குழப்புவேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார். ஆனா அவர் சொல்ற கதையில அவர் செஞ்ச கோளாறு ஒண்ணுகூட இருக்காது. அதனால நானே சொல்லிடறேன்.

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். கருவேப்பிலங்குறிச்சியில இருக்கிற என் தங்கச்சி கலா வீட்டுக்கு ரெண்டு டஜன் பீங்கான் கப்பும் சாசரும் கொண்டு போய்க் கொடுக்கணும்.

அவ பொண்ணு செல்வியைப் பார்க்க திட்டக்குடியிலேர்ந்து மாப்பிள்ளை வீட்டார் வராங்க. மாப்பிள்ளையோட அம்மா ரொம்பக் கறாராம். இதுக்கு முன்னாடி போன இடத்துல டம்ளர் நசுங்கி இருந்துச்சுன்னு காப்பியைத் தொடாமலே எழுந்து வந்துட்டாங்களாம். கலா வீட்டுல இருக்கிறது பூராவும் நசுங்கின எவர்சில்வர். பீங்கான் ஊர்ல வாக்கப்பட்ட அக்கா இருந்தும் என் மானம் போகணுமான்னு ஆள் விட்டுக் கேட்டுட்டா.

கப்பு கிடைக்கிறது கஷ்டமில்லை. எங்க வீட்டுக்காரர் வேலை பார்க்கிறதே விருத்தாசலம் பீங்கான் கம்பெனியிலதான். கஷ்டமெல்லாம் அவரோட வண்டியால வந்தது.

புதுசா வாங்கினப்ப அது நல்ல வண்டியாத்தான் இருந்துச்சு. ஊர்ல நாலு பேர் வச்சிருக்கிற மாதிரி. அதுதான் அவருக்குப் பொறுக்கலை. ஏதோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில, வெள்ளைக்காரன் ஒருத்தன் பாலைவனத்துல மண்ணைக் கிளப்பிக்கிட்டுப் போற படத்தைப் பார்த்துட்டார். அதைக் கிழிச்சு ஜங்ஷன் பக்கத்துல கடை வச்சிருக்கிற மெக்கானிக் பாஷா பாய்கிட்ட கொடுத்து, இதே மாதிரி ஆக்குங்கன்னுட்டார்.

பாய் ஆக்கிட்டார். ஹேண்டில்பார் மாட்டுக்கொம்பு மாதிரி மேல போயிடுச்சு. டயரெல்லாம் கட்டை கட்டையா, டிராக்டருக்குத் தம்பி மாதிரி. சீட்டு என் இடுப்புக்கு மேல. சைலன்சரைக் கீழேர்ந்து கழட்டி வளைச்சு, சீட்டுக்குப் பக்கத்துல தூக்கி நிறுத்தியாச்சு. இது எதுக்குன்னு கேட்டேன். ஆத்துல இறங்கினா உள்ளே தண்ணி போகாதாம்.

எந்த ஆத்துல? மணிமுத்தாத்துல முட்டி நனையற அளவு தண்ணி வந்தாலே பாலத்து மேல நின்னு வேடிக்கை பார்க்கிற ஊரு எங்களுது. குளிக்கிறதுக்கே வெந்நீர் கேக்கிற மனுஷர் அதுல வண்டியை இறக்கப் போறாராம்.

சைலன்சர் மேல ஒரு தகடு போட்டுக்கிட்டா நல்லதுன்னு பாய் சொல்லியிருக்கார். பளபளப்பு மறைஞ்சிடும்னு இவர் வேணாம்னுட்டார்.

அவர் புத்தி அப்படி. என் புத்தியைக் கேளுங்க.

கப்புகளைக் கட்டினது நான்தான். கப்புக்குள்ள வைக்கோல், ரெண்டு கப்புக்கு நடுவுல வைக்கோல், சுத்தி வைக்கோல், மேல சாக்கு. எங்க ஊர் பீங்கான் லாரியில போனாலும் ரயில்ல போனாலும் வைக்கோலுக்குள்ளதான் போகும். கை தானா கட்டும். மூளை வந்து பக்கத்துல நிக்க வேண்டியதில்லை. அன்னைக்கும் அது வரலை.

புடவைக்காரி நான், ரெண்டு காலையும் இடது பக்கம் போட்டுத்தான் உட்காரணும். மூட்டையை எங்கே கட்டறதுன்னு கேட்டேன்.

"நீ இந்தப் பக்கம், கப்பு அந்தப் பக்கம். அப்பத்தான் வண்டி சாயாது"ன்னார்.

ரெண்டு டஜன் கப்பு எடைதான் நான்னு அவர் நினைக்கிறதுல எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துல மூட்டையைச் சைலன்சரோட சேர்த்து நல்லா இறுக்கிக் கட்டினேன். ஆடக்கூடாது பாருங்க.

துணி துவைக்கிற கல்லு மேல ஏறி, அங்கிருந்து சீட்டு மேல ஏறினேன். கிளம்பிட்டோம்.

ஊரைத் தாண்டினதும் வைக்கோல் புகையற வாசனை வந்துச்சு. அவர்கிட்ட சொன்னேன். யாரோ வயல்ல அறுத்த தாளைக் கொளுத்தறாங்கன்னார். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நாத்து நட்டுக்கிட்டு இருக்காங்க. நடவு சமயத்துல எவன் கொளுத்துவான்னு எனக்குத் தோணியிருக்கணும். தலையை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

எதிர்ல சைக்கிள்ல வந்த ஒருத்தர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார். இவர் ஒரு சிரிப்பு சிரிச்சார்.

"பார்த்தியா, வண்டியைக் கண்டு மிரண்டு போறான்."

அடுத்து ஒரு பஸ்ஸு. கண்டக்டர் படியில தொங்கிக்கிட்டு விடாம விசில் ஊதினார். ஜன்னல் பூராவும் தலை. இவர் அவங்களுக்கு ஒரு சல்யூட் வச்சார். நானும் சும்மா இருக்கக்கூடாதேன்னு லேசா தலையசைச்சேன்.

அப்பத்தான் நடவு நட்டுக்கிட்டு இருந்த ஒரு பொம்பளை நிமிர்ந்து பார்த்துச்சு.

"யோவ் பெருசு, பின்னால பொண்டாட்டி பத்திக்கிட்டு எரியறா, நீ எங்கய்யா போற?"

திரும்பிப் பார்த்தேன். சாக்குல ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் செவசெவன்னு. அதுக்கு ஒரு முழம் முன்னால பெட்ரோல் டேங்கு. அவர் முதுகுல ஓங்கி ஒரு அடி வச்சேன். வண்டி நின்னுச்சு. அவர் ஸ்டாண்டைப் போட்டு இறங்கி, தள்ளிப் போயி நின்னுக்கிட்டு, குதின்னார்.

"கல்லு இல்லாம எப்படிங்க குதிக்கறது?"

அந்த நேரத்துல இதை ஒரு கேள்வின்னு கேட்டிருக்கேன். கடைசியில கண்ணை மூடிக்கிட்டு வழுக்கினேன். நேரா வயல்ல, முட்டி வரைக்கும் சேறு.

நடவு பொம்பளைங்க சேத்தை அள்ளி அள்ளி வீசினாங்க. மூட்டை மேல, வண்டி மேல, சைலன்சர் மேல. நெருப்பு அணைஞ்சுது. அதுக்கப்புறமும் எங்க வீட்டுக்காரர் மேல கொஞ்ச நேரம் வீசினாங்க. நான் தடுக்கலை.

கலா ஊரு பக்கத்துலதான். மூட்டையை நான் தலையில வச்சுக்கிட்டேன். எல்லாப் பாதையிலும் போகிற வண்டியை அவர் தார் ரோட்டுல தள்ளிக்கிட்டு வந்தார்.

கலா வீட்டுல மாப்பிள்ளை வீட்டார் பாய்ல உட்கார்ந்திருக்காங்க. சேறும் கரியுமா நாங்க ரெண்டு பேரும் வாசல்ல. மாப்பிள்ளையோட அம்மா, இவங்க யாருன்னு கேட்டாங்க. கூடப் பொறந்த கலா, எங்களைத் தெரியாத மாதிரி தலையைத் தூக்கி உத்திரத்தைப் பார்த்தா.

செல்விதான் எழுந்து வந்து மூட்டையை இறக்கினா. "எங்க பெரியம்மா. எங்க வூட்டு விசேஷத்துக்குச் சாமான் கொண்டாந்திருக்காங்க"ன்னா.

மூட்டையைப் பிரிச்சேன். கப்பெல்லாம் அட்டக்கரி. அந்த அம்மா ஒண்ணை எடுத்து, முந்தானையால துடைச்சு, நகத்தால தட்டிப் பார்த்தாங்க. கணீர்னுச்சு. ஒண்ணுகூட விரிசல் விடலை. சூளையில வெந்ததுக்கு வைக்கோல் நெருப்பு எம்மாத்திரம்?

கழுவி அதுலதான் காப்பி கொடுத்தோம். அந்த அம்மா அடி வரைக்கும் குடிச்சுட்டு, கலாகிட்ட சொன்னாங்க.

"இந்தக் கோலத்துல வந்தவங்களையே பெரியம்மான்னு சொல்லுது உங்க பொண்ணு. வயசான காலத்துல என்னையும் விட்டுடாது. எங்களுக்குச் சம்மதம்."

இப்ப எங்க வீட்டுக்காரர் ஊரெல்லாம் என்ன சொல்றார்னா, அந்தச் சம்பந்தத்தை முடிச்சு வச்சதே தன்னோட வண்டிதானாம். தகடு இன்னும் போடலை. பளபளப்பு மறைஞ்சிடுமாம்.

வேற வழியில்லாம நானும் பின்னால உட்கார்ந்துதான் போறேன். ஆனா மடியில ஒரு குடம் தண்ணி இல்லாம ஏறுறதில்லை. போற ஊர்லெல்லாம், விருத்தாசலத்துக்காரி எங்க தண்ணியைக்கூடக் குடிக்கமாட்டாப் போலன்னு பேசிக்கிறாங்க.