ஆணையத்தின் முன் மெத்தைக்காரன்

தொலைக்காட்சித் தொடர்களை ஒழித்துக்கட்டுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை மாலை முடிவு செய்தேன். உலகத்தில் உள்ள எல்லாத் தொடர்களையும் அல்ல. அவ்வளவு பேராசை எனக்குக் கிடையாது. தினமும் எட்டு மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் டேரா போடும் அந்த ஒரே ஒரு தொடர் ஒழிந்தால் போதும்.

நான் மெத்தைக் கடையில் விற்பனையாளன். நாள் முழுக்க நின்றுகொண்டு, மற்றவர்கள் படுப்பதைப் பற்றியே பேசிப் பிழைப்பவன். வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்து கால்பந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் எட்டு மணி ஆனால் ரிமோட் என் மனைவி கைக்குப் போய்விடும். அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். பகலெல்லாம் தையல் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு அந்த அரை மணி நேரம்தான் உட்காருவாள். ஒருமுறை துணிந்து கேட்டுப் பார்த்தேன். "தாராளமா. நீங்க சமையலைப் பாருங்க, பந்தை நான் பாத்துக்கறேன்" என்றாள். அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை செய்தியில்தான் அது வந்தது. ஒலி ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் புதிய விதிகள் கொண்டுவரப் போகிறதாம். எந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சி வரலாம், விளம்பரம் எவ்வளவு சத்தமாக இருக்கலாம் என்றெல்லாம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறதாம். மாதக் கடைசிச் சனிக்கிழமை யார் வேண்டுமானாலும் நகர மண்டபத்துக்கு வந்து பேசலாமாம். நான் சோபாவிலிருந்து எழுந்தே விட்டேன். என்னை எதிர்த்து அவள் பேசலாம். அரசாங்கத்தை எதிர்த்துப் பேசுவாளா?

திட்டம் சுலபமானது. மாலைத் தொடர்களை எல்லாம் மத்தியானம் இரண்டு மணிக்குத் தள்ளிவிட வேண்டும். அவள் அப்போது வீட்டில்தானே இருக்கிறாள், தைத்துக்கொண்டே பார்த்துக்கொள்ளட்டும். அவளுக்கும் நஷ்டமில்லை, எனக்கும் பந்து. என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன். அவர் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, வாசிப்பு ஓயவில்லை. எங்கள் வீட்டுக்குச் சர்க்கரை வாங்க வந்தாலும் "தலைப்புச் செய்திகள். அடுத்த வீட்டில் சர்க்கரை தீர்ந்தது" என்றுதான் ஆரம்பிப்பார். என் திட்டத்தைக் கேட்டதும் கண் கலங்கி, எனக்குப் பேச்சுப் பயிற்சி தருவதாகச் சொன்னார். சாயங்காலத்துக்குள் செய்தி தெரு முழுக்க ஒலிபரப்பாகிவிட்டது. எங்கள் கடை முதலாளி காதுக்கும் போயிற்று. சனிக்கிழமை காலை கடையை மூடிவிட்டு எல்லாரையும் வேனில் அழைத்து வருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். பேச்சில் எங்காவது மெத்தை என்று ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை.

பேச்சை ஒத்திகை பார்க்க வீட்டில் ஒரே ஒரு பாதுகாப்பான இடம்தான் இருந்தது. குளியலறை. குழாயைத் திறந்துவிட்டு ஆரம்பித்தேன்.

"என்னங்க, உள்ள யாரு?" கதவுக்கு வெளியே மனைவி.

"யாருமில்லையே."

"அப்ப 'பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே'ன்னு யாரைக் கூப்பிடறீங்க? பக்கெட்டையா?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டபின் மறைத்துப் பயனில்லை. துண்டோடு வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூகம்பத்தை எதிர்பார்த்து நிலைப்படியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"நல்ல யோசனைங்க" என்றாள் அவள்.

அந்த இடத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என் எந்த யோசனையும் அவளிடம் நல்ல பெயர் வாங்கியதில்லை.

"ஆனா ஒண்ணு" என்றாள். "அவங்க கேப்பாங்க. அந்தத் தொடரை நீங்க பாத்திருக்கீங்களான்னு."

"நான் எதுக்குப் பாக்கணும்? எனக்குத்தான் பிடிக்காதே."

"உங்க கடைக்கு ஒருத்தர் வர்றாரு. படுத்துப் பாக்காமலேயே மெத்தை மட்டம்னு சொல்றாரு. ஒத்துப்பீங்களா?"

மெத்தை விஷயத்தில் நான் நியாயத்தை விட்டுக்கொடுக்கிறவன் அல்ல. அன்று இரவே ஆதாரம் திரட்ட அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கதை இதுதான். ஒரு பெரிய வீடு. அதில் ஒரு இரும்புப் பெட்டி. அதன் சாவியைக் காணோம். அது எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் மாமனார். அவரோ பேச்சு மூச்சில்லாமல் படுக்கையில் கிடக்கிறார். மூன்று மருமகள்களும் சாவியைத் தேடுகிறார்கள், அழுகிறார்கள், மறுபடி தேடுகிறார்கள். திங்கட்கிழமை வாசல் மணி அடித்தது. வெள்ளிக்கிழமைதான் கதவைத் திறந்தார்கள். வந்தது பால்காரர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆணையத்தின் முன் இதைச் சொன்னாலே போதும், தொடர் ஒழிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் கண்ணில் அந்த மெத்தை பட்டது.

மாமனார் படுத்திருந்த மெத்தையைத்தான் சொல்கிறேன். நல்ல சரக்கு. நாலு பக்கமும் மெஷின் தையல். ஆனால் கால் பக்கம் ஓர் ஓரத்தில், ஒரு சாண் அளவுக்கு, பிரித்து மறுபடி கையால் தைத்திருந்தது. நூலின் நிறம்கூட வேறு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாவி மெத்தைக்குள் இருக்கிறது. அலமாரியையும் அரிசிப் பானையையும் துழாவுகிற மருமகள்களுக்கு இது தெரியவில்லை. பேச முடியாத கிழவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

மனைவியிடம் சொன்னேன். "அப்படியா? நான் கவனிக்கலையே" என்றாள். தைக்கிறவள் தையலைக் கவனிக்கவில்லையாம். அதையும் நம்பினேன்.

அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. கடையில் வாடிக்கையாளர் மெத்தையில் உட்கார்ந்தால் நான் குனிந்து கால் பக்கத்தைப் பார்த்தேன். எட்டு மணிக்குள் வீடு சேர ஓடினேன். ஒரு நாள் கால்பந்து இறுதி ஆட்டம். மனைவி ரிமோட்டை என்னிடம் நீட்டி, இன்றைக்கு நீங்களே பாருங்கள் என்றாள். மூத்த மருமகள் அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தாள். "பந்து எங்க போயிடப்போகுது, வைம்மா அங்கயே" என்றேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. எனக்கு மண்டபத்துக்குப் போகவே மனமில்லை. தொடர் மத்தியானம் போய்விட்டால் நான் எப்படிப் பார்ப்பேன்? கடையில் தொலைக்காட்சி கிடையாது. இருந்தாலும் முதலாளி விடமாட்டார். தலைவலி என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். மனைவி சட்டையை இஸ்திரி போட்டுத் தயாராக வைத்திருந்தாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் "இப்போதைய செய்தி, பேச்சாளர் இன்னும் புறப்படவில்லை" என்று வாசித்துக்கொண்டிருந்தார். கீழே கடை வேன் ஹாரன் அடித்தது. கம்பி நீட்ட வழியே இல்லை.

மண்டபத்தில் நல்ல கூட்டம். மேடையில் ஆணையத்தார் மூன்று பேர். நடுவில் தலைவி, மூக்கு நுனியில் கண்ணாடி. பேசினவர்கள் எல்லாரும் நியாயமாகப் பேசினார்கள். இரவு வேலை பார்க்கும் ஒரு நர்ஸ், பகலில் தூங்கும்போது பக்கத்து வீட்டு விளம்பரச் சத்தம் தன்னைக் கட்டிலோடு தூக்குகிறது என்றார். காது கேளாத ஒருவர், திரையில் எழுத்துப் போட்டால் தானும் வீட்டாரோடு சேர்ந்து செய்தி பார்க்கலாமே என்று மகள் மூலம் கேட்டார். மண்டபமே கை தட்டியது. எனக்கு என் கோரிக்கையை நினைத்து வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் மைக் முன்னால் போய் நின்றேன்.

பெருமதிப்பிற்குரிய என்று ஆரம்பித்தேன். பக்கெட்டிடம் வந்த சரளம் தலைவியிடம் வரவில்லை. அவர் நேராகவே கேட்டார்.

"அந்தத் தொடர்ல உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"தேடவேண்டிய இடத்துல தேட மாட்டேங்கறாங்கம்மா."

"எதை?"

"சாவியை. நான் மெத்தைக்காரன், சொல்றேன். சாவி மெத்தைக்குள்ளதான் இருக்கு."

மெத்தை என்ற வார்த்தை வந்துவிட்டதால் முதலாளி மட்டும் தனியாகக் கை தட்டினார். தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்கை நெருங்கினார்.

"தலைப் பக்கமா, கால் பக்கமா?"

"கால் பக்கம். கைத்தையல்."

இடது பக்கம் இருந்த உறுப்பினர் "நானும் சந்தேகப்பட்டேன்" என்று முணுமுணுத்தது மைக்கில் நன்றாகவே கேட்டது. தலைவி அவரை முறைத்துவிட்டு, கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, என் கோரிக்கை என்ன என்று கேட்டார்.

முன் வரிசையைப் பார்த்தேன். கடையை மூடிவிட்டு வந்த முதலாளி. எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர். ஏறக்குறைய முழுத் தெரு. இத்தனை பேரைக் கூட்டிவந்துவிட்டு, தொடர் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று எப்படிச் சொல்வது? "மத்தியானம் ரெண்டு மணிக்கு மாத்தணும்" என்றேன்.

"மாற்றுக் கருத்து உள்ளவங்க இருக்கீங்களா?" என்றார் தலைவி.

கடைசி வரிசையில் என் மனைவி எழுந்தாள். எனக்கு உயிர் வந்தது. நான் வாங்கும் சட்டையிலிருந்து போடும் தும்மல் வரை எல்லாவற்றுக்கும் மாற்றுக் கருத்துச் சொன்னவள் அவள். இப்போதும் சொல்லப் போகிறாள், தொடர் தப்பித்தது, நானும் தப்பித்தேன். அவள் மைக்குக்கு நடந்து வந்த அந்த நேரம் முழுக்க எனக்கு அவள்மேல் பொங்கிய அன்பை வார்த்தையில் சொல்ல முடியாது.

"என் வீட்டுக்காரர் சொன்னது ரொம்பச் சரிங்கம்மா" என்றாள். "அப்படியே பண்ணிடுங்க."

கை தட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. ஒற்றுமையான தம்பதி என்று தலைவி எங்களைப் பாராட்டினார்.

விதி வந்தது. தொடர் மத்தியானத்துக்குப் போயிற்று. விளம்பரச் சத்தம் குறைந்தது. திரையில் எழுத்தும் வந்தது. நாடே நன்மை அடைந்தது, நான் ஒருவனைத் தவிர. எட்டு மணிக்கு ரிமோட்டும் கையுமாக சோபாவில் தன்னந்தனியாக உட்கார்ந்தேன். பந்து ஓடியது. என் மனம் அடுப்படிக்கு ஓடியது. சற்று நேரத்தில் நானும் பின்னாலேயே போனேன்.

"இன்னிக்கு என்ன ஆச்சு?"

"எதுங்க?"

"அதான். மெத்தையைப் பிரிச்சாங்களா?"

"சொல்லலாம். கை வேலையா இருக்கேனே. பாத்திரத்தை யாராவது தேய்ச்சா வாய் சும்மாதான் இருக்கும்."

தேய்த்தேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து கதை சொன்னாள். என்னமாகச் சொன்னாள் தெரியுமா? மூன்று மருமகளுக்கும் மூன்று குரல். சரியான இடத்தில் நிறுத்துவாள், நான் அடுத்த பாத்திரத்தை எடுப்பேன். வெங்காயம் உரித்தால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வாள். திரைச்சீலை துவைத்தால் வாரம் முழுக்க நடந்ததைச் சேர்த்துச் சொல்வாள். கதையும் முன்பைவிடப் பிரமாதமாக இருந்தது. மாமனாருக்குப் பேச்சு வந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தவர் முதல் வேலையாக அடுப்படிக்குப் போய் மருமகள்களுக்குக் கூடமாட உதவி செய்ய ஆரம்பித்துவிட்டார். வீட்டில் அவருக்கு மரியாதை கூடிவிட்டதாம். அதைக் கேட்டு நான் அழுதேன். வெங்காயத்தால் மட்டும் அல்ல. ஆனால் அந்த மனிதர் சாவியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

இப்படி மாதக் கணக்கில் போயிற்று. ஒரு நாள் கடையிலிருந்து திரும்பும்போது பக்கத்து வீட்டுக்காரரை மாடிப்படியில் பார்த்தேன். தொடர் இப்போது எவ்வளவு நன்றாகப் போகிறது பார்த்தீர்களா சார் என்று பெருமையாகக் கேட்டேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"வருத்தமான செய்தி, தம்பி. அந்தத் தொடர் நிறுத்தப்பட்டது."

"எப்ப?"

"மதியத்துக்கு மாறிய இரண்டாம் வாரமே. பார்ப்பதற்கு ஆள் இல்லை."

"அப்ப மெத்தை?"

"கடைசிவரை பிரிக்கப்படவில்லை. செய்திகள் முடிவடைந்தன."

எனக்கு இரத்தம் கொதித்தது. மாதக் கணக்கில் என் காதில் பூ சுற்றியிருக்கிறாள். நான் தேய்த்த பாத்திரங்களை அடுக்கினால் நகர மண்டபம் கொள்ளாது. எழுந்து உட்கார்ந்த மாமனார் யார் என்பதும் அந்தப் படியில் வைத்துத்தான் என் மண்டையில் உறைத்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சப் படிகளைத் தாண்டித் தாண்டி ஏறினேன். கதவைத் தள்ளினேன். வாயைத் திறந்தேன்.

"வந்துட்டீங்களா?" அடுப்படி வாசலில் மனைவி நின்றாள். முகத்தில் அப்படி ஒரு பரபரப்பு. "நீங்க சொன்னதேதாங்க. மூத்த மருமக இன்னிக்குக் கத்திரிக்கோலை எடுத்துட்டா. கால் பக்கம் தையலைப் பிரிச்சிட்டா. கையை உள்ள விட்டா..."

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மூத்த மருமகள் என்று யாரும் இல்லை. கத்திரிக்கோலும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மெத்தையைப் பிரித்துக் காட்ட உலகத்தில் இனி இவளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

"உள்ள என்ன இருந்துச்சு?" என்றேன்.

"முதல்ல அந்த அடிப்பிடிச்ச பாத்திரம்" என்றாள். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.